நெதர்லாந்துக்குப் படிக்க வருகிறவருக்கு: டச்சுக்காரர்களோடு பழகுவது எப்படி?

செப்டம்பரில் முதுகலை படிக்க நெதர்லாந்து வருகிறீர்கள். டச்சுக்காரர்கள் யாரோடும் ஒட்டமாட்டார்கள், காசு விஷயத்தில் கறார், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் உண்மையா, அங்கே இப்போது என்னென்ன மாறிக்கொண்டிருக்கிறது என்பது உங்கள் கேள்வி. நானும் முதுகலைக்கு வந்தவன்தான். இப்போது உட்ரெக்டில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். டச்சு மாணவர்களோடு ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் புழங்கியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்ட மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பழக்கம்தான். இந்த ஊரில் எதையும் ஊகத்துக்கு விடமாட்டார்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், சாப்பாடு உண்டா இல்லையா, யார் எவ்வளவு தர வேண்டும், உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறதா என எல்லாமே வாய்விட்டுச் சொல்லப்படும். சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று வளர்ந்த நமக்கு முதல் சில மாதங்கள் இது சுருக்கென்று குத்தும். பழகிய பிறகு எனக்கு இதில் ஒரு பெரிய நிம்மதி இருப்பதாகவே படுகிறது. யார் மனதில் என்ன இருக்கிறதோ என்று இரவெல்லாம் யோசிக்கத் தேவையில்லை.

முதலில் நேரம். டச்சுக்காரர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டுவது கிடையாது. நண்பர்கள் சந்திப்பதற்கே நாட்குறிப்பைத் திறந்து தேதி குறிப்பார்கள். மூன்று வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை சொல்வார்கள். உங்களைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வியாழக்கிழமை மழை கொட்டினாலும் சைக்கிளில் வந்து நிற்பார்கள். குறித்த தேதியை மதிப்பதில் அவர்களுடைய அக்கறை முழுவதும் இருக்கிறது. ஐந்து நிமிடம் தாமதமானால்கூடச் செய்தி அனுப்பிவிடுங்கள்.

எத்தனை மணிக்கு அழைக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் மாலை ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு. எட்டு மணிக்கு வரச்சொன்னால் காபிக்கு என்று அர்த்தம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சாப்பாடு உண்டென்றால் அழைக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். எத்தனை பேர் என்று எண்ணித்தான் சமைப்பார்கள் என்பதால், கூடவே இன்னொரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவர்களைப் புரிந்துகொள்ள ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலே போதும். வரவேற்பறையில் சோபா, சாப்பாட்டு மேசை நாற்காலி, மடக்கு நாற்காலி எல்லாம் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். உள்ளே நுழைந்ததும் பிறந்தநாள்காரருக்கு வாழ்த்துச் சொல்கிறோம், சரி. அதோடு முடிவதில்லை. அவருடைய அம்மாவிடம் போய்க் கைகொடுத்து "ஹெஃபெலிசிதேர்ட், உங்கள் மகனுக்காக" என்று வாழ்த்த வேண்டும். அப்புறம் அப்பா, தங்கை, பாட்டி, காதலி, பக்கத்து வீட்டுக்காரர் என்று வட்டம் முழுக்கச் சுற்றி, தெரியாதவர்களிடம் உங்கள் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அந்தப் பிள்ளை ஒரு வயது கூடியதில் வீட்டார் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. காபியும் ஒரு துண்டு கேக்கும் வரும். கொஞ்ச நேரம் கழித்து பீர், பாலாடைக்கட்டித் துண்டுகள், தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது. பாட்டு, ஆட்டமெல்லாம் பெரும்பாலும் இருக்காது. பேச்சுதான். மூன்று தலைமுறை ஒரே வட்டத்தில் உட்கார்ந்து பேசும். இன்றைய இளைஞர்கள் இந்த வட்ட நாற்காலிப் பிறந்தநாளை அலுப்பு என்று ஒதுக்கிவிட்டு மதுக்கூடத்திலோ பூங்காவிலோ கொண்டாடுகிறார்கள். ஆனாலும் பெற்றோர் வீட்டில் ஒரு வட்டம் கட்டாயம் நடக்கும்.

பல வீடுகளில் கழிப்பறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். அதில் கிழமைகள் இருக்காது, தேதிகள் மட்டும்தான். ஆண்டு மாறினாலும் அதுவே. உறவினர், நண்பர் எல்லாருடைய பிறந்தநாளும் கையால் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் போய்வரும் வீட்டில் ஒருநாள் உங்கள் பெயரும் அதில் ஏறியிருந்தால், அந்த வீட்டில் உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தைரியமாக நம்பலாம்.

பல்கலைக்கழகத்திலும் அலுவலகத்திலும் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கி வருவார். உங்கள் பிறந்தநாளுக்கு யாரும் எதுவும் செய்யவில்லையே என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் ஒரு கேக்கோடு போய் நின்றால் துறையே கூடிவிடும்.

அடுத்து காசு. 2016-இல் ஏபிஎன் அம்ரோ வங்கி திக்கி என்றொரு செயலியைக் கொண்டுவந்தது. ஐந்து பேர் சாப்பிட்டோம், ஒருவர் மொத்தமாகக் கொடுத்தார் என்றால், வீடு போய்ச் சேர்வதற்குள் வாட்ஸாப்பில் ஒரு இணைப்பு வரும். அழுத்தினால் உங்கள் பங்கு நேராக அவர் கணக்குக்குப் போய்விடும். இரண்டு யூரோ காபிக்கும் வரும். நம் ஊரில் நான் கொடுக்கிறேன், நீ கொடுக்காதே என்று கல்லாவில் சண்டை போடுவது பாசத்தின் அடையாளம். இங்கே அன்றைக்கே கணக்கைத் தீர்த்துவிடுவது நட்புக்குச் செய்யும் உபகாரம். ஒருவர் கடன் இன்னொருவர் மேல் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்ற எண்ணம் அது. திக்கி வந்தால் அன்றைக்கே கட்டிவிடுங்கள். நீங்கள் கொடுத்திருந்தால் கூச்சப்படாமல் நீங்களும் அனுப்புங்கள். ஒருவரை விருந்துக்கு அழைத்து நீங்களே செலவு செய்ய விரும்பினால், அதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வார்கள்.

கஞ்சத்தனம் என்று வெளியாட்கள் சொல்வதில் பாதி, வீணாக்கக் கூடாது என்கிற கொள்கை. பழைய சாமான் வாங்குவதில் இங்கே யாருக்கும் வெட்கம் இல்லை. ஊருக்கு ஊர் கிரிங்லோப் கடைகள் உண்டு. தட்டு, மேசை, குளிர்கால கோட்டு எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும். மார்க்ட்பிளாட்ஸ் இணையதளத்தில் சைக்கிள் முதல் சலவை இயந்திரம் வரை கைமாறும். இப்போது மாணவர்களின் பாதி அலமாரி விண்டெட் செயலியில் வாங்கிய பழைய துணிதான். ஏப்ரல் 27, மன்னர் வில்லெம்-அலெக்சாண்டரின் பிறந்தநாள். அன்றைக்கு நாடே ஆரஞ்சு நிறத்தில் தெருவில் இறங்கி, வீட்டுப் பழைய பொருட்களைப் பாய்விரித்து விற்கும். ஆம்ஸ்டர்டாமின் ஃபோண்டல் பூங்கா அன்றைக்குப் பிள்ளைகளுக்கே ஒதுக்கப்படுகிறது. வயலின் கற்றுக்கொள்ளத் தொடங்கிய சிறுமி இசைக்குறிப்புத் தாங்கியை முன்னால் வைத்துக்கொண்டு தெரிந்த இரண்டே பாட்டை வாசிப்பாள், காலடியில் காசு போட ஒரு தொப்பி இருக்கும். பக்கத்தில் ஒரு பையன் தன் பழைய பொம்மைக் கார்களுக்குத் தானே விலை எழுதி வைத்து, பெரியவர்களோடு பேரம் பேசுவான். காசைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்ற பயிற்சி அந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. திக்கியை இவர்கள் இயல்பாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் தேடினால், அந்தப் பாயிலிருந்தே தேடலாம்.

நேருக்கு நேர் பேசுவது வகுப்பறையில்தான் உங்களை முதலில் தொடும். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருக்கும். நம்மூர் நாக்குக்கு அது எளிதில் வராது, ஆனால் அவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். உங்கள் அறிக்கையில் இரண்டாம் அத்தியாயம் தேவையில்லை, எடுத்துவிடு என்று காபி குடித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சொல் அந்த அத்தியாயத்தோடு நிற்கும், உங்கள் மேல் ஏறாது. அடுத்த நிமிடம் வார இறுதி எப்படிப் போனது என்று உண்மையான அக்கறையோடு கேட்பார். மதிப்பெண் பத்துக்கு; 5.5 எடுத்தால் தேர்ச்சி. எட்டு வாங்கினால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். பத்து யாருக்கும் எளிதில் விழாது. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிப் பழகியவர்கள் முதல் முறை 7 மதிப்பெண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, நம்மவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். நீங்களும் நேரே பேச வேண்டும். முடியாது என்பதற்குப் "பார்க்கலாம்" என்று சொல்வது நம் வழக்கம். இங்கே பார்க்கலாம் என்றால் பார்ப்பீர்கள் என்றே எழுதிக்கொள்வார்கள். குழுவேலையில் உங்களுக்குப் பிடிக்காத பங்கு வந்தால் அப்போதே சொல்லுங்கள். கூட்டத்தில் கருத்துக் கேட்டால் ஏதாவது சொல்லுங்கள். வயது, பதவி பார்க்காமல் எல்லாரிடமும் கேட்பார்கள். எல்லாரும் பேசி முடிக்கும் வரை முடிவும் வராது. சாதாரணமாகத் தேநீர் இயந்திரம் மாற்றுவதற்கே இப்படித்தான். எனக்கு இது சில நேரம் பொறுமையைச் சோதிக்கிறது, ஆனால் முடிவான பிறகு யாரும் முணுமுணுப்பதில்லை.

இந்தக் கூடிப் பேசும் குணத்துக்கு, கடலோடு போராடிய வரலாறுதான் காரணம் என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்கள் அமைத்து, கரை கட்டிய நாடு இது. அந்த வாரியங்களுக்கு இன்றும் தேர்தல் நடக்கிறது. ஆனாலும் எல்லாக் குணத்தையும் கடல் மட்டத்தோடு முடிச்சுப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் நேரடியாக வாழ்க்கையில் தெரியும் இடம் வேறு: நீச்சல். பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதில் 'ஏ' சான்றிதழுக்குப் பழகுவார்கள். தேர்வன்று சட்டை, கால்சட்டை, காலணியோடு குளத்தில் குதித்து மிதந்து காட்ட வேண்டும். தண்ணீருக்கடியில் விரித்துத் தொங்கவிட்ட துணியில் இருக்கும் ஓட்டை வழியாக நீந்தி வெளியே வர வேண்டும். உடை மாற்றிக்கொண்டு யாரும் கால்வாயில் விழுவதில்லை என்பதால் இப்படி. இங்கே பெரும்பாலான கால்வாய்க் கரைகளில் தடுப்பு கிடையாது. உங்களுக்கு நீச்சல் தெரியாதென்றால், வந்ததும் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

சைக்கிளும் இயற்கையாக வந்ததல்ல. 1960-களில் இந்த நாடும் காருக்காகத் தெருக்களை இடித்துக்கொண்டிருந்தது. 1971-இல் மட்டும் சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் கட்டித் தெருவை மறித்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகள் போராடிப் போட்ட பாதைகளில்தான் இன்று நாம் ஓட்டுகிறோம். உட்ரெக்ட் மத்திய நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் கூடம் 2019-இல் முழுமையாகத் திறந்தது. முதல் 24 மணி நேரம் இலவசம்.

புதிய சைக்கிள் வாங்காதீர்கள், திருட்டு அதிகம். பழைய சைக்கிளும் நல்ல இரண்டு பூட்டும் வாங்குங்கள். ஒரு பூட்டு, ஏதாவது கம்பியோடு சேர்த்துப் போட வேண்டும். இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுப்பது 2019 ஜூலையிலிருந்து குற்றம். திரும்பும் பக்கம் கையை நீட்டுங்கள். சிவப்பு நிறப் பாதையில் நடந்து போகாதீர்கள். மணியடிப்பார்கள், கோபமாகவே அடிப்பார்கள். சமீபத்திய மாற்றம் மின்சைக்கிள். அதிலும் தடித்த டயர் போட்ட ஃபேட்பைக் பதின்வயதுப் பிள்ளைகளிடம் பரவி, வேகத்தை முறைகேடாகக் கூட்டி ஓட்டுவதால் பெரிய சர்ச்சை. வயது வரம்பு, தலைக்கவசம் என்று நாடாளுமன்றம் வரை பேச்சு போயிருக்கிறது.

சாப்பாட்டில் சுருக்கமாக முடிக்கிறேன். மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான், சூடாக எதுவும் இருக்காது. வெண்ணெய் தடவிய ரொட்டியில் சாக்லேட் துகள் தூவிப் பெரியவர்களும் சாப்பிடுவார்கள். நமக்கு ஆறுதல், டோக்கோ எனப்படும் இந்தோனேசிய, சுரிநாம் கடைகள். 1873 முதல் இந்தியாவிலிருந்து, தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரிநாமுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், 1975-இல் அந்நாடு விடுதலை பெற்றதை ஒட்டி ஏராளமாக இங்கே குடியேறினார்கள். ஹேக் நகரில் அவர்கள் கடை ரொட்டியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுப் பாருங்கள். ஈழத்தமிழர் கடைகளும் சில ஊர்களில் உண்டு. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் கவலையில்லை.

நீங்கள் கேட்காதது, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது: தங்குமிடம். நாடு முழுக்க வீட்டுப் பஞ்சம். மாணவர் வீடுகளில் ஒரு அறை காலியானால், அந்த வீட்டு மாணவர்களே புதியவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இதற்கு ஹொஸ்பிதேரன் என்று பெயர். ஒரே மாலையில் பத்துப் பதினைந்து பேரைச் சமையலறையில் உட்காரவைத்து, என்ன சமைப்பாய், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய், குப்பை கொட்டும் முறை வந்தால் கொட்டுவாயா என்று கேட்பார்கள். அங்கே மதிப்பெண்ணையும் படிப்பையும் சொல்லிப் பயனில்லை. வாரம் ஒருநாள் எல்லாருக்கும் சேர்த்துச் சமைக்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி செய்பவருக்கு அறை கிடைக்கும். பல விளம்பரங்களில் டச்சு பேசுபவர் மட்டும் என்று போட்டிருப்பார்கள். அது வலிக்கத்தான் செய்யும். அது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். அதனால் சேர்க்கை உறுதியான அன்றே பல்கலைக்கழகம் ஒதுக்கும் அறைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அறையைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். நகராட்சியில் அந்த முகவரியைப் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவு இல்லாமல் குடிமக்கள் சேவை எண் கிடைக்காது, அது இல்லாமல் மற்ற எதுவும் சிக்கல்தான்.

வேலை செய்ய நினைத்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் வாரம் 16 மணி நேரம், அல்லது ஜூன் முதல் ஆகஸ்டு வரை முழுநேரம் செய்யலாம். முதலாளி உங்களுக்காக அனுமதி வாங்க வேண்டும். வேலையில் சேர்ந்ததும் டச்சு மருத்துவக் காப்பீடு கட்டாயமாகிவிடும். காய்ச்சல் என்று குடும்ப மருத்துவரிடம் போனால் பாராசிட்டமால் போட்டு ஓய்வெடு என்பார். அலட்சியம் இல்லை, மருந்தைக் குறைத்துக் கொடுப்பது அவர்கள் முறை. மூன்று நாள் ஆகியும் குறையவில்லை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இங்கேயும் வாய்விட்டுச் சொல்பவருக்குத்தான் கவனிப்பு.

மாறிவருபவை என்று கேட்டீர்கள். பிள்ளைகளுக்குப் பரிசு தரும் புனித நிக்கோலஸின் பெயரில் டிசம்பர் 5-இல் வரும் சிந்தர்கிளாஸ் விழாவில் முகத்தில் கருப்பு மை பூசிய உதவியாளர் வேடம் கறுப்பினத்தவரை இழிவுபடுத்துகிறது என்ற பல்லாண்டு சர்ச்சைக்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் போய்விட்டது. இப்போது புகைபோக்கிக் கரி படிந்தது போலக் கன்னத்தில் நாலு கீற்று மட்டும். நெஞ்சில் ஈரம் இருந்தவர்கள் வருடக்கணக்கில் தெருவில் நின்று போராடியதால் நடந்த மாற்றம் அது. பள்ளி வகுப்பறைகளில் கைப்பேசி 2024 முதல் கிடையாது. சிறிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 2021 முதலும், பானம் அடைத்த அலுமினிய டப்பாவுக்கு 2023 முதலும் 15 சென்ட் வைப்புத்தொகை. காலியானதைக் கடை இயந்திரத்தில் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இளங்கலையில் ஆங்கிலவழிப் படிப்புகளைக் குறைக்கச் சொல்லும் அரசியல் அழுத்தம் கூடியிருக்கிறது. முதுகலை இன்னும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். மாறாமல் இருப்பது பகுதிநேர வேலை. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இங்குதான் அது அதிகம். வாரத்தில் ஒருநாள் பிள்ளையோடு வீட்டில் இருக்கும் அப்பாக்களை எங்கும் பார்க்கலாம். ஐந்து மணிக்கு மேல் மின்னஞ்சலுக்குப் பதில் எதிர்பார்க்காதீர்கள்.

ஜூனில் வீதியில் நடந்தால் சில வீட்டு வாசலில் தேசியக் கொடியும், கொடிக்கம்பின் நுனியில் ஒரு பழைய புத்தகப் பையும் தொங்கும். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளி இறுதித் தேர்வில் தேறிவிட்டது என்று ஊருக்கு அறிவிப்பு. அழைப்புமணி அடித்து வாழ்த்தினால் மகிழ்ந்துபோவார்கள்.

இனி, ஒட்டமாட்டார்கள் என்ற முதல் கேள்விக்கு. டச்சுக்காரர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் பெரும்பாலும் பள்ளிக்காலத்தில், அல்லது கல்லூரி முதலாண்டில் சேர்ந்த சங்கத்தில் அமைந்துவிடுகிறார்கள். நாட்குறிப்பு அவர்களாலேயே நிறைந்துவிடும். வகுப்பு முடிந்து நடக்கும் பேச்சில் நட்பு வளரும் என்று காத்திருந்தால் வளராது. வாராவாரம் ஒரே நாளில், ஒரே ஆட்களோடு கூடும் ஏதாவது ஒன்றில் சேர வேண்டும். துறை மாணவர் சங்கம், துடுப்புப் படகுக் குழு, பாடகர் குழு, எதுவானாலும் சரி. ஆறுமாதம் தவறாமல் போனால் நாட்குறிப்பில் உங்களுக்கென்று ஒரு கிழமை விழும். கொஞ்சமாவது டச்சு கற்றுக்கொள்ளுங்கள். எல்லாரும் சரளமாக ஆங்கிலம் பேசுவார்கள்தான். ஆனால் மேசையில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் பேச்சு டச்சுக்குத் திரும்பிவிடும். பல பல்கலைக்கழகங்களில் தொடக்கநிலை வகுப்பு குறைந்த கட்டணத்தில் நடக்கிறது. பெரும்பாலான ஊர்களில் புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரம் ஆகஸ்டிலேயே முடிந்துவிடும் என்பதால், விசா வந்ததும் செப்டம்பர் முதல் தேதிக்குப் பயணச்சீட்டு எடுக்காமல், அந்த வாரத்துக்கு முன்பே வந்து சேரும்படி எடுங்கள். அந்த அறிமுக வாரத்துக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.